சொல்லாமல் போனவர்கள்

போன மாதம் ஒரு செத்தவீட்டுக்கு அக்காவின் மகனையும் கூட்டிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. நாலு வயது, வாய் ஓயாதவன். பறை, ஐயர், அழுகிற சனம் எல்லாவற்றையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு அடங்கியிருந்தவன், நாங்கள் எழும்பி வெளிக்கிட்ட நேரத்தில், எல்லா வீடுகளிலும் செய்வதைப்போல வாசலில் நின்று கையைத் தூக்கி, "போட்டு" என்று தொடங்கினான். மிச்சத்தைச் சொல்ல நான் விடவில்லை. என் கை தானாகப் போய் அவன் வாயைப் பொத்திவிட்டது. அவன் விரலைக் கடித்துவிட்டான்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்குப் போனால் "போட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு திரும்பக்கூடாது. அவர்கள் "வாங்கோ" என்று கூப்பிடமாட்டார்கள், நாங்கள் போய் வருகிறோம் என்று சொல்லமாட்டோம். பேசாமல் எழும்பி வருவதுதான் மரியாதை. வீட்டுக்குள் கால் வைக்க முதல் கிணற்றடியில் தோயவேண்டும், தலை முழுக வார்த்து, உடுத்த உடுப்பையும் நனைத்துவிட வேண்டும். இதையெல்லாம் யாரும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் நாங்களும் செய்யத் தொடங்கிவிடுகிறோம். எனக்கு விளங்கிய பாதியை நான் ஒருமுறை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பல் பதிந்த விரலோடு கிணற்றடியில் நின்று தோய்ந்துகொண்டிருந்தபோது அவளுடைய ஞாபகம் வந்தது.

அவள் பெயர் செனுவாரா. எனக்கு அப்போது ஒன்பது வயது, அவளுக்குப் பத்து. நாங்கள் செட்டிகுளத்துக்குக் கிட்ட, வயலும் நாலு மாடுமாக இருந்தோம். பக்கத்து வளவு பெரியப்பாவுடையது. பெரியப்பா குடும்பம் கனடாவில் இருந்ததால் வீடு பூட்டிக் கிடந்தது. அகதிகளின் அலுவல் பார்க்கிறவர்கள் ஒருநாள் வந்து, பர்மாவிலிருந்து கடலால் வந்த ஒரு குடும்பம் இருக்கிறது, வேறு நாடு ஒன்று எடுக்கும் வரைக்கும் அவர்களுக்கு இருக்க வீடு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா கனடாவுக்கு ரெலிபோன் எடுத்தார். நாங்களும் அகதியாகத்தானே இங்கே வந்தோம், இருக்கவிடு என்று பெரியப்பா சொன்னதை அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவர்கள் இருக்கிற சாட்டோடு கூரை ஓட்டையும் மாற்றிவிடு என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

தகப்பன், தாய், செனுவாரா, அவளுடைய நாலு வயதுத் தம்பி என்று நாலு பேர் வந்து இறங்கினார்கள். ரோஹிங்கியா என்ற சொல்லை அப்பா பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, வாய்க்குள் நிற்காது என்று விட்டுவிட்டார். எங்களுக்கு அவர்கள் பர்மாக்காரர். அவர்களின் நாட்டில் அவர்களை அந்த நாட்டார் என்று பதியவே மாட்டார்களாம், வீட்டையும் கொளுத்திவிட்டார்களாம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கே இரண்டு பானையும் ஒரு பாயும் வேலிக்கு அந்தப் பக்கம் போயின.

அந்த வளவுக் கிணறு பாவிக்காமல் கிடந்து பழுதாகிவிட்டதால், வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு வெட்டிவிட்டோம். செனுவாரா காலையும் பின்னேரமும் இரண்டு வாளிகளோடு அதற்குள்ளால் வந்து எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போவாள். முதலிருந்த இடத்தில் ஒரு வருடத்துக்கு மேலாகத் தமிழ்ப் பிள்ளைகளோடு திரிந்ததில் அவளுக்குத் தமிழ் ஓரளவு வந்தது. எனக்குக் கொக்கான் வெட்டுவதில் ஊரிலேயே என்னை வெல்ல ஆளில்லை என்ற நினைப்பு. அவள் ஐந்து கல்லையும் புறங்கையில் ஏந்தி, அப்படியே திருப்பிப் பிடித்துக் காட்டிய நாளோடு அந்த நினைப்புப் போயிற்று. அன்றிலிருந்து அவள்தான் என் உயிர்ச் சிநேகிதி. தோற்றவள் வேறு என்ன செய்கிறது.

அவளுடைய தகப்பன் மெலிந்த மனிதர். அவர்களுக்கு வெளியில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. சும்மா இருக்க அவருக்குத் தெரியவில்லை. கூரையின்மேல் சுரைக்கொடியைப் படரவிட்டார், எங்கள் மாட்டுக்கொட்டிலைப் பிரித்து மறுபடி கட்டினார். பின்னேரங்களில் அப்பாவும் அவரும் மாமரத்தடியில் இருந்து, ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமல், வெற்றிலை போட்டுக்கொண்டு மணிக்கணக்காகக் கதைப்பார்கள். தம்பிக்காரன் படித்த முதல் தமிழ் "போட்டு வாறன்." அதைக் காலையில் பாண் விற்க வருகிற ஓட்டோவுக்குச் சொல்வான், மாட்டுக்குச் சொல்வான், எங்கள் வீட்டுக்கு வருகிறபோதே சொல்லிக்கொண்டு வருவான். எங்களோடு இருந்த மாமி, அப்பாவின் தமக்கை, லேசில் சிரிக்காதவர். அவரே அதற்குச் சிரித்தார்.

ஒருநாள் விடிய அந்த மனிதருக்கு நெஞ்சு நோவு வந்தது. அப்பா ஓட்டோ பிடித்து வவுனியா ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். மத்தியானத்துக்கு முதல் செய்தி வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் குழப்பம் அங்கேதான் தொடங்கியது. பக்கத்துக் கிராமத்துப் பள்ளிவாசல்காரர் வந்தார்கள், குளிப்பாட்டினார்கள், வெள்ளைத் துணியில் சுற்றித் தொழுதார்கள், பொழுதுபடுவதற்குள் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். அப்பாவும் கூடப் போய் மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டு வந்தார். பறை இல்லை, ஒப்பாரி இல்லை, இரவு முழுக்கப் பிரேதத்தோடு விழித்திருக்கிற வேலை இல்லை. அம்மா கட்டிப்பிடித்து அழுவதற்கு ஆயத்தமாகச் சேலையை மாற்றிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் முக்காட்டோடு சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தார். எங்கே தொடங்குவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு எழும்பி வந்து, உலையை வைத்தார்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலவர்தான் சமைத்துக் கொடுக்கவேண்டும். சில வீடுகளில் எட்டாம் நாள் வரைக்கும், எங்கள் வீட்டு முறையில் முப்பத்தோராம் நாள் வரைக்கும் மச்சம் கூடாது, மரக்கறிதான். அம்மாவுக்குத் தெரிந்த முறை அது, அதையே செய்தார். முஸ்லிம் பெண்களும் மூன்று நாள் இறைச்சியும் சோறுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்று நாளோடு தங்கள் முறைப்படி நிறுத்தினார்கள். இனி இடைக்கிடை வருவோம், அவா நாலு மாதமும் பத்து நாளும் வெளியில் வராமல் இத்தா இருக்கவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரே சாவுக்கு மூன்று நாள், எட்டு நாள், முப்பத்தொரு நாள், நாலு மாதம் பத்து நாள் என்று ஆளுக்கொரு முறை சொன்னதில், உண்மையில் அவர் எத்தனை நாளைக்குச் செத்திருக்கிறார் என்பதே எனக்கு விளங்கவில்லை.

நான் சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் போவேன். பருப்பு, வாழைக்காய்க் கறி, கீரை. தம்பிக்காரன் ஒவ்வொரு தட்டாகத் திறந்து பார்த்து, "மீன்?" என்று கேட்பான். அவனுடைய தாய் அவனை அதட்டிவிட்டு அம்மாவை மிகவும் இரக்கத்தோடு பார்ப்பார். அந்த இரக்கத்தின் பொருள் ஆறாம் நாள் தெரிந்தது. திரும்பி வந்த கரியரின் அடித்தட்டில், வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பொரித்த கருவாடு இருந்தது. மீன் வாங்க வழியில்லாத நிலையிலும் தங்களுக்குச் சாப்பாடு தருகிறோம் என்று நினைத்து, எங்களுக்காக அடுப்பை மூட்டியிருக்கிறார். மாமி நெஞ்சில் கை வைத்தார். செத்தவீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது, அங்கே சமைத்தது எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. கருவாடு பூனைக்குப் போயிற்று. பூனைக்குத் துடக்கும் தீட்டும் இல்லை.

அம்மா ஒருநாளும் அந்த வீட்டில் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டதில்லை. கரியரை எடுத்துக்கொண்டு பேசாமல் எழும்பிவிடுவார். செனுவாராவின் தாய் ஏதோ சொல்வதற்கு வாயெடுப்பார், அம்மா அதற்குள் படி இறங்கியிருப்பார். தம்பிக்காரன் மட்டும் பின்னால் ஓடிவந்து "போட்டு வாறன்" என்பான். அம்மாவின் தோள் ஒருமுறை சுருங்கும், ஆனால் திரும்பிப் பார்க்கமாட்டார். வேலிப் பொட்டுக்குள்ளால் வந்ததும் நேரே கிணற்றடி. மாமி தொட்டி நிறையத் தண்ணீர் அள்ளி வைத்திருப்பார். அம்மா தோய்வார், பிறகு நான் தோய்வேன், உடுத்திருந்ததெல்லாம் நனையும். கிணறு வேலியோரம்தான். கதியால்களுக்கு அந்தப் பக்கம் செனுவாரா நின்று பார்ப்பது எனக்குத் தெரியும். அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, தண்ணீர் அள்ள வந்தவள் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"எங்கட வீட்டால போனா அன்ரி ஏன் ஒவ்வொரு நாளும் குளிக்கிறா? நாங்கள் ஊத்தையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சின்ன விஷயம் அவளுக்குத் தெரியவில்லை. கொக்கானில் தோற்றதற்கு ஈடாக எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது என்ற சந்தோசம் வேறு. நான் ரீச்சரைப்போலத் தொடங்கினேன்.

"ஊத்தை இல்லை. துடக்கு. உங்கட வீட்டில சாவு இருக்கு. வந்து போற ஆக்களில அது ஒட்டிக்கொண்டு வரும். தோஞ்சாத்தான் போகும்."

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு, அன்ரி ஏன் போகும்போது ஒன்றும் சொல்வதில்லை, எங்களோடு கோபமா என்று கேட்டாள்.

"செத்தவீட்டில போட்டு வாறன் சொல்லக்கூடாது. சொன்னாச் சாவு திரும்பி வரும்."

"எங்க வரும்?"

அதற்கு எனக்கு மறுமொழி தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் அப்போது என்னிடம் இல்லை.

"எங்கயும் வரும்," என்றேன். "உங்கட சாவு எங்கட வீட்டுக்கும் வரும்."

செனுவாரா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பாதி வாளிதான் நிரம்பியிருந்தது. அடுத்த நாள் வந்து என்னைப் பார்க்காமல் தண்ணீர் அள்ளினாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். கொக்கான் கல்லை எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன். அவள் என்னில் முட்டாமல் விலகி, கயிற்றின் மற்றப் பக்கத்துக்குப் போனாள். நான் என்ன பிழை செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்கு உள்ளதைத்தானே சொன்னேன். அவள் இனி என்னோடு கதைக்கவே மாட்டாளோ என்ற பயத்தில் அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு வாளியோடு மட்டும் வந்தாள். அள்ளிய தண்ணீரில் விழுந்த மாவிலைச் சருகைக் கவனமாக எடுத்துப்போட்டாள். இரண்டு கையாலும் பிடித்து, ஒரு துளி சிந்தாமல் கொண்டுபோனாள். வழக்கமாக அவள் போன வழியெல்லாம் ஈரமாக இருக்கும்.

மத்தியானம் நானும் அம்மாவும் சாப்பாடு கொண்டுபோனோம். வழக்கம்போல இருந்தோம், வழக்கம்போல அம்மா பேசாமல் எழும்பினார். பின்வாசல் படிக்குப் பக்கத்தில் அந்த வாளி இருந்தது. விளிம்பு வரைக்கும் தண்ணீர், மிதந்துகொண்டு ஒரு கோப்பை, பக்கத்தில் உறை பிரிக்காத சவர்க்காரக் கட்டி, மடித்த துவாய். செனுவாரா படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில், தாய் நின்றார்.

"அன்ரி, இஞ்ச குளிச்சிட்டுப் போங்கோ," என்றாள் செனுவாரா. பாடமாக்கிக்கொண்டு வந்ததைப்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எங்கட சாவு உங்கட வீட்டுக்கு வரக்கூடாது எண்டு அம்மா சொல்றா."

அம்மா வாளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்துக்கு ஒன்றையும் மறைக்கத் தெரியாது. அடி விழப்போகிறது என்று நினைத்துக் கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா படியில் இருந்தார். அழுகிறாரா என்று தெரியவில்லை, மூக்கை மட்டும் சேலைத் தலைப்பால் துடைத்தார். அப்புறம் முற்றத்துப் புழுதியில் உருண்டுகொண்டிருந்த தம்பிக்காரனைக் கூப்பிட்டார். சட்டையைக் கழற்றி, அவனைத் தன் காலோடு சேர்த்து நிறுத்திவைத்து, அந்த வாளித் தண்ணீர் முழுவதையும் அவனுக்கு வார்த்தார். காதுக்குப் பின்னால் தேய்த்தார். சவர்க்காரம் கண்ணில் பட்டு அவன் கத்தினான். துவாயால் துவட்டி, தலையைச் சீவி இழுத்து, கன்னத்தில் ஒரு கொஞ்சுக் கொஞ்சிவிட்டு எழும்பினார்.

கிணற்றடியில் மாமி தொட்டியை நிரப்பிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைக் கடந்து, உலர்ந்த தலையோடு, உடுத்த சேலையோடு நேரே குசினிக்குள் போனார். மாமி பின்னால் போய்ச் சத்தம் போட்டார். உனக்கு விசரே, வீட்டுக்குள் சாமிப்படம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறது, எதை உள்ளே கொண்டுபோகிறாய் என்று தெரிந்துதான் போகிறாயா என்று கேட்டார். அம்மா அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"முகாமில எங்கட ஐயா செத்த அண்டைக்கு ஆர் மச்சாள் தோஞ்சது?"

மாமி திரும்பிக் கிணற்றடிக்குப் போனார். நாட்டில் சண்டை முடிந்த கையோடு எல்லாரும் முள்ளுக்கம்பிக்குள் இருந்த காலத்தை, தன் தகப்பன் அங்கேயே செத்ததை அம்மா சொன்னார். நான் அப்போது கைக்குழந்தை. அந்த முகாம் இருந்த காடு எங்கள் வீட்டிலிருந்து வெகுதூரம் இல்லை. குடிக்கிற தண்ணீருக்கே பவுசருக்கு முன்னால் வரிசையாம். இதெல்லாம் நான் பிறகு கேட்டறிந்தது. அந்தக் குசினி வாசலில் நின்ற எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான், அம்மா தோயவில்லை. சாவு இப்போது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

நான் தோய்ந்தேன். இரண்டு தரம் தோய்ந்தேன். அம்மா போட்ட சோற்றை வயிற்று வலி என்று சொல்லி மாட்டுக்கு வைத்தேன். பிறகு மாட்டுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அழுதேன். அப்பா மத்தியானம் படுத்திருந்தபோது மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன். அவர் எழும்பி ஏசினார். ஏச்சு விழுந்ததில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பின்னேரம் பொட்டுக்குள்ளால் செனுவாரா வந்தாள். வாளி இல்லை. கையில் ஐந்து கல் இருந்தது.

"அன்ரி குளிக்கேல்லை. நான் பாத்தனான்," என்றாள்.

அவள் முகம் அப்படி மலர்ந்திருந்ததை அவளுடைய தகப்பன் செத்த பிறகு நான் கண்டதில்லை. எங்கள் வீட்டுக்கு இவ்வளவு பெரிய ஆபத்து வந்திருக்கிறது, இவள் சந்தோசப்படுகிறாளே என்று எனக்கு ஒரே குழப்பம். ஆனாலும் அவள் திரும்பி வந்தது எனக்குப் போதும். நாங்கள் இருட்டும் வரைக்கும் கொக்கான் வெட்டினோம். நான்தான் தோற்றேன்.

அதன் பிறகு அம்மா அந்த வீட்டுக்குப் போய்வந்து தோய்வதில்லை. ஆனால் சொல்லாமல் வருவதை மட்டும் விடவில்லை. அதை விட மனம் வரவில்லை போலும். முப்பத்தோராம் நாள் விளைமீன் வாங்கிக் குழம்பு வைத்துக்கொண்டு போனார். தம்பிக்காரன் மூடியைத் திறந்து பார்த்து மீனைக் கண்டு கத்திய கத்தல் மாமிக்குக் கேட்டிருக்கும். அன்றைக்கு வெளிக்கிடும்போது அம்மா வாசலில் நின்று, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, தெளிவாக, "போட்டு வாறன்" என்றார். அந்தப் பெண் ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்தரமாகச் சிரித்தார்.

செனுவாரா சிரிக்கவில்லை. அவள் முகம் செத்துவிட்டது. என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு வந்து, அன்ரி ஏன் அப்படிச் சொன்னா, மறந்துவிட்டாவா என்று கேட்டாள். எனக்கும் காரணம் தெரியாது. தோய்வதை விட்டவர் இதையும் விட்டுவிட்டார் என்று என் பாட்டில் முடிவுகட்டி, அலட்சியமாகச் சொன்னேன்.

"அம்மா இப்ப ஒண்டும் பாக்கிறேல்லை."

அவள் எங்கள் வீட்டுக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கல்லை எறியச் சொன்னேன். எறிந்தாள், ஒன்றையும் பிடிக்கவில்லை. அன்றைக்கு முதல்தரமாக நான் வென்றேன்.

இத்தா முடிந்து கொஞ்ச நாளில் அவர்களை ஒரு குளிர் நாடு எடுத்துவிட்டது. காலையில் வான் வந்தது. பெரிய பெரிய ஜக்கெட்டுகளைப் போட்டுக்கொண்டு, செட்டிகுளத்து வெயிலில் வேர்த்து வழிய நின்றார்கள். அவளுடைய தாய் முதல்தரமாக வேலிப் பொட்டுக்குள்ளால் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அன்றைக்குச் செத்தவீட்டில் அழமுடியாமல் போன அழுகையை அம்மா அப்போது அழுதார். இடியப்பமும் மீன் பொரியலும் பார்சல் கட்டிக் கொடுத்தார். சுரைக்கொடிக்குத் தண்ணீர் விடச்சொல்லித் தாய் சைகையால் காட்டினார். அப்பா தலையாட்டினார், மாமரத்தடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் என் ஐந்து கொக்கான் கல்லையும் செனுவாராவின் கையில் வைத்தேன். குளத்துக்கட்டில் இரண்டு நாள் தேடி எடுத்த உருண்டைக் கற்கள். அவள் வாங்கி ஜக்கெட் பொக்கெற்றுக்குள் போட்டுக்கொண்டாள். நான் காத்துக்கொண்டு நின்றேன். போகிறவர்கள்தான் முதலில் சொல்லவேண்டும். அவர்கள் "போட்டு வாறம்" என்றால்தான் நிற்கிறவர்கள் "போட்டு வாங்கோ" என்று சொல்லலாம். அவளுடைய தமிழ் அந்நேரம் என்னுடைய தமிழைப்போல வந்துவிட்டது, அவளுக்கு அது தெரியாமலில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். வானில் ஏறினாள்.

தம்பிக்காரன் வான் கதவில் நின்று எங்கள் பக்கம் திரும்பினான். முகம் முழுக்கச் சிரிப்பு. கையைத் தூக்கி, "போட்டு" என்று தொடங்கினான். செனுவாரா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். அவன் திமிறினான், காலால் உதைத்தான், அவள் விடவில்லை. அவனை மடியில் இழுத்து வைத்து, வான் நகர்ந்து ஒழுங்கை முடிகிற திருப்பத்தில் மறையும் வரைக்கும் அவன் வாயிலிருந்து கையை எடுக்கவேயில்லை. யன்னல் கண்ணாடிக்குள்ளால் எனக்குத் தெரிந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள் சொல்லாவிட்டால் பரவாயில்லை, ஆசையாகச் சொல்ல வந்த பிள்ளையையும் விடவில்லையே. சாப்பாடு கொடுத்தோம், தண்ணீர் கொடுத்தோம், நான் கல்லைக்கூடக் கொடுத்தேன், ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக அவளுக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம் போய் முறையிட்டேன். அம்மா, போகட்டும், நல்லாயிருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பர்மாக்காரருக்கு மரியாதை தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் நான் கனகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புறங்கையில் கல் ஏந்துகிற வித்தையைச் செய்து காட்டியபோதுகூட, யார் சொல்லித்தந்தது என்று கேட்டவர்களுக்கு அவள் பெயரைச் சொல்லவில்லை.

துடக்கு முப்பத்தோராம் நாளோடு கழிந்துவிடும், அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எவரும் எவருக்கும் தாராளமாகச் சொல்லிக்கொண்டு வெளிக்கிடலாம், அம்மா அன்றைக்குச் சொன்னது அதனால்தான். வேலியடியில் நின்று அவளுக்கு அவ்வளவு பாடம் எடுத்த எனக்கு இது தெரியாது. தெரியாததால் சொல்லவுமில்லை. தகப்பனின் சாவு இன்னும் தங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு சொல்லில் அது எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, தன் வாயையும் தம்பியின் வாயையும் அடைத்தபடி அவள் போயிருக்கிறாள். நான் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லவில்லை, அவள் சொல்லவில்லை என்று அழுதுகொண்டிருந்தேன்.